கால் கிலோ வெள்ளரி, ஒரு டம்ளர் தண்ணீர்

போன வருஷம் சித்திரையில்தான் எனக்குக் கிட்னியில் கல் இருப்பது தெரிந்தது. விடிகாலை மூன்று மணிக்கு வலது விலாவுக்குக் கீழே முதுகுப் பக்கமாகப் பிடித்த வலி, ஐந்து மணிக்குள் என்னைத் தரையில் உருட்டிவிட்டது. இரண்டு பிள்ளை பெற்றவள் நான். இது அதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. ஸ்கேனில் 5 மில்லிமீட்டர் என்று வந்தது. "தானாவே வெளியேறிடும்மா. ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க?" என்று டாக்டர் கேட்டார். வெட்கத்தை விட்டுச் சொன்னேன்: காலையில் ஒரு காபி, மதியம் சாப்பாட்டோடு ஒரு டம்ளர் தண்ணீர், சாயங்காலம் ஒரு டீ.

ஏன் என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மதுரையில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிற வேலை எனக்கு. பெண்கள் மட்டும் இருபது பேருக்கு மேல் இருக்கிறோம். எங்களுக்கான கழிப்பறை பின்சந்தில், குடோனைத் தாண்டி இருக்கிறது. போய்வரக் கால் மணி நேரம். முகூர்த்த மாதத்தில் கால் மணி நேரம் எழுந்து போனால் பில் வரிசை வாசல் வரைக்கும் நிற்கும். அப்புறம் மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியாது. எனவே குடிக்காமல் இருந்துவிடுவது எங்கள் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. காலையில் நிரப்பிக் கொண்டுவந்த பாட்டிலைச் சாயங்காலம் அப்படியே வீட்டுத் துளசிக்கு ஊற்றியிருக்கிறேன்.

டாக்டர் சொன்ன கணக்கு இது: சிறுநீர் ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டராவது போக வேண்டும். குடிக்கிற அளவு இல்லை, போகிற அளவு. அக்னி நட்சத்திரத்தில் மதுரை 40 டிகிரியைத் தொடும்போது வேர்வையாகப் போவது தனிக்கணக்கு. பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு, மணிக்கு ஒரு கோடு என்று குடித்துப் பார்த்தேன். மூன்றாம் நாளே வெறுத்துவிட்டது. வெறும் தண்ணீர் எனக்குத் தொண்டையில் இறங்காது.

"குடிக்க முடியலேன்னா தின்னு" என்றார் அத்தை. என் வீட்டுக்காரரின் அம்மா. சொன்னதோடு விடாமல் மறுநாள் காலை ஆறு மணிக்கு மஞ்சள் பையோடு என்னை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனார். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை அதுதான். 1999 நவம்பர் 14-ல் திறந்தார்கள். திறந்த நாளிலிருந்தே அத்தைக்கு அங்கே வாடிக்கை. உள்ளே நுழைந்ததும் விலைப்பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துவிட்டுத்தான் நகர்வார். விலையை அன்றன்றைக்கு அங்கேயே எழுதிப் போட்டுவிடுவதால் பேரம் பேச வேலை இல்லை. ஆனாலும் ஒரு கொத்து கறிவேப்பிலைக்குப் பேசாமல் அத்தை வெளியே வந்ததில்லை.

வெள்ளரி விற்கிற அம்மா அலங்காநல்லூர்ப் பக்கம். விற்கிறவர் விவசாயிதான் என்பதற்கான போட்டோ அட்டை பக்கத்துச் சாக்கின் மேல் கிடக்கும். முந்தின நாள் சாயங்காலம் பறித்த பிஞ்சு. தோலில் இன்னும் சுணை இருக்கும். வெள்ளரியில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கு தண்ணீர்தான். கால் கிலோ தின்றால் கிட்டத்தட்ட ஒரு டம்ளர் தண்ணீர் உள்ளே போய்விடும். பில் போடுகிறவள் என்பதால் இந்தக் கணக்கு எனக்குச் சட்டென்று பிடித்துப்போனது. தர்பூசணி தொண்ணூற்றிரண்டு. சுரைக்காயும் வெள்ளைப் பூசணியும் வெள்ளரிக்குச் சளைத்தவை இல்லை. பாட்டிலைப் பார்த்தால் வரும் சலிப்பு, வெள்ளரியைக் கடிக்கும்போது வருவதில்லை. மென்று தின்பதால் மெதுவாகத்தான் உள்ளே போகிறது. ஒரேயடியாகக் குடித்துவிட்டு ஓடுகிற அவஸ்தையும் இல்லை.

ஒரு விஷயம் அந்த அம்மாவிடம்தான் கற்றுக்கொண்டேன். சுரைக்காய் வாங்கிய அன்று, "ஜூஸ் போடப் போறேன்மா" என்றேன். கத்தியை எடுத்து நுனியில் ஒரு சின்னத் துண்டு சீவி நீட்டினார். "நாக்குல வச்சுப் பாரு தாயி. கசந்துச்சுன்னா துப்பிட்டுக் காயைத் தூரப் போட்டுரு. தண்ணி பத்தாம வாடுன கொடியில காய்ச்சது சிலது கசக்கும்." இது பாட்டி வைத்தியம் இல்லை. கசக்கிற சுரைக்காய்ச் சாறு விஷம்தான். வாந்தி, ரத்த வாந்தி வரைக்கும் கொண்டுபோய்விடும். "கசப்பு உடம்புக்கு நல்லது" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிற ஆட்கள் நம்மில் நிறைய உண்டு என்பதால் இதை எழுதி வைக்கிறேன். எங்கள் வீட்டில் இப்போது சுரைக்காய், பீர்க்கங்காய், வெள்ளரி எதுவானாலும் முதல் துண்டு நாக்குக்குத்தான்.

வாழைத்தண்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் அத்தை கோபித்துக்கொள்வார். கல்லைக் கரைக்கும் என்று வாரம் மூன்று நாள் போட்டார். வட்டமாக நறுக்கி, நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்து, கறுக்காமல் இருக்க மோர்த்தண்ணீரில் போட வேண்டும். அதற்கே ஒரு மணி நேரம். டாக்டரிடம் கேட்டேன். "சாப்பிடுங்க, தப்பில்ல. ஆனா எலுமிச்சம்பழத்தை விடாதீங்க" என்றார். எலுமிச்சையில் இருக்கிற சிட்ரேட், சில வகைக் கல் சேராமல் தடுக்குமாம். வாழைத்தண்டுக்கு மார்க் போடாமல் நழுவிவிட்டார் என்பதை நான் கவனித்தேன், அத்தையிடம் சொல்லவில்லை. மூன்றாவது வாரம் கல் போய்விட்டது. வீட்டில் பெயர் வாங்கியது வாழைத்தண்டு.

சிக்கல் மோரில்தான் வந்தது. அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று தல்லாகுளத்திலிருந்து வைகை வரைக்கும் பந்தலுக்குப் பந்தல் நீர்மோரும் பானகமும் கொடுப்பார்கள். ஆசையில் ஆறு டம்ளர் மோர் குடித்தேன். எல்லாமே நல்ல உப்புக் கரிப்பு. அடுத்த முறை பார்த்தபோது டாக்டர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும், கல்லுக்கு அதுவே தீனி என்றார். வெயிலில் சித்தாள் வேலை பார்க்கிறவருக்கு வேர்வையோடு உப்பும் போகிறது. அவருக்கு உப்புப் போட்ட மோர் சரி. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து பில் போடுகிற எனக்குச் சரியில்லை. இப்போது நானே கரைத்துக்கொள்கிறேன்: ஒரு பங்கு தயிருக்கு நான்கு பங்கு தண்ணீர், தட்டிய இஞ்சி, பச்சை மிளகாய், பேரம் பேசி வாங்கிய கறிவேப்பிலை, கொத்தமல்லி. உப்பு, விரல் நுனியில் ஒட்டுகிற அளவு. இஞ்சியும் மல்லியும் தூக்கலாக இருந்தால் உப்பு குறைவது தெரிவதில்லை. (ஹார்ட், கிட்னி செயலிழப்பு உள்ளவர்கள் என்னைப் பார்த்துச் செய்யாதீர்கள். அவர்களுக்குத் தண்ணீரே அளந்துதான் கொடுப்பார்கள்.)

கடைக்கு டப்பாவில் நறுக்கிய வெள்ளரி கொண்டுபோக ஆரம்பித்தேன். பதினொரு மணிக்குத் திறந்தால் பதினொன்றேகாலுக்குக் காலி; எனக்கு இரண்டு துண்டு மிஞ்சினால் அதிகம். அப்புறம் சேலைப் பிரிவிலிருந்து ஒருத்தி தர்பூசணி கொண்டுவந்தாள். ரெடிமேட் பிரிவு அக்கா ஞாயிற்றுக்கிழமை ரோட்டோரம் வாங்கிய நுங்கைத் தூக்குச்சட்டியில் போட்டுத் திங்கட்கிழமை கொண்டுவந்தார். அது ஓரளவு புளித்துத்தான் போயிருந்தது, ஆனாலும் விடவில்லை. முறை வைத்துக் கொண்டுவரத் தொடங்கினோம்.

இருபது பெண்கள் தண்ணீரைத் தின்றால் என்ன ஆகும்? பின்சந்துக்கு வரிசை கட்டினோம். ஒரு நாள் மதியம் சேலைப் பிரிவில் கஸ்டமர் நிற்க, ஆள் ஒருத்தர்கூட இல்லை. மேனேஜர் கத்தினார். கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்த பிறகுதான் எங்களுக்கு ஸ்டூலே வந்தது. அதனால் கேட்டால்தான் கிடைக்கும் என்பது எங்களுக்குப் புரிந்திருந்தது. ஏழு பேர் சேர்ந்து முதலாளியிடம் போனோம். நான் ஸ்கேன் ரிப்போர்ட்டை எடுத்துப் போயிருந்தேன். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார்.

இரண்டாவது மாடியில் கஸ்டமர்களுக்கான கழிப்பறை ஒன்று எப்போதும் பூட்டியே கிடக்கும். அதன் சாவி இப்போது என் பில் மேஜைக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது, சேலைப் பெட்டி கட்டுகிற சிவப்பு ரிப்பன் முடிச்சோடு. எடுத்துப் போகிறவர்கள் நோட்டில் நேரம் எழுத வேண்டுமாம். நோட்டைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு என்னுடையது. அதில் இதுவரைக்கும் யாரையும் நான் எழுதச் சொல்லவில்லை.