கொழும்பில் துவக்கு, கிளிநொச்சியில் கைபிடி

எங்கள் வீட்டு விறாந்தைச் சுவரில், தரையிலிருந்து 140 சென்ரிமீற்றர் உயரத்தில், ஒரு கறுப்புப் பொட்டு ஒட்டியிருக்கிறது. மூன்று சென்ரிமீற்றர் அகலம். வருகிறவர்கள் நாவூறுக்கு ஒட்டியதென்று நினைக்கிறார்கள். அம்மாவும் அவர்களை அப்படியே நினைக்க விட்டுவிடுகிறார். உண்மையில் அது 10 மீற்றர் காற்றுப் பிஸ்டல் போட்டியின் இலக்கு. அசல் இலக்கில் கறுப்பு வட்டம் 59.5 மில்லிமீற்றர். எங்கள் விறாந்தை ஐந்து மீற்றர்தான் என்பதால் பாதியாக்கி வெட்டி ஒட்டினேன். விடிய ஐந்தரைக்கு எழும்பி அதற்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நிற்பேன். கையில் இருப்பது துவக்கு அல்ல, ஒரு மரக் கைபிடி மட்டும். அது எப்படி இந்த நிலைக்கு வந்தது என்பதைத்தான் எழுதுகிறேன். முதல் பிஸ்டல் எடுக்க நினைக்கும் யாருக்காவது, முக்கியமாக எங்கள் பக்கத்து ஆட்களுக்கு, உதவும்.

கொழும்பில் நாலு வருடம் வேலை செய்தபோது, கூட வேலை செய்த ஒரு சிங்கள அக்கா ஒரு சனிக்கிழமை என்னைத் தன் கழகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நான் பயந்து பயந்துதான் போனேன். 2009இல் எனக்குப் பதினேழு வயது. அதற்கு மேல் விளக்கத் தேவையில்லை. ஆனால் காற்றுப் பிஸ்டல் வெடிப்பதில்லை. 'டப்' என்று ஒரு சத்தம், தகரப் பேணி மூடியைத் திறந்ததுபோல. முதல் நாள் பத்துச் சன்னம் சுட்டேன். இரண்டு காகிதத்திலேயே படவில்லை. அடுத்த சனி திரும்பவும் போனேன்.

பிறகு கிளிநொச்சிக்கு மாற்றலாகி வந்தேன். கழகத்துப் பொதுத் துவக்கு ஆளுக்கு ஆள் கைமாறும், கைபிடியில் உள்ளங்கையைத் தாங்கும் தட்டை ஒவ்வொருவரும் தங்கள் கைக்கேற்ப இறுக்கி வைத்திருப்பார்கள். மாதம் இரண்டு தடவை ரயிலேறிப் போய், அரை மணித்தியாலம் அதைச் சரிசெய்வதிலேயே போய்விடும். சொந்தமாக ஒன்று வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்ன விசரோ?" வன்னியில் துவக்கு என்றால் மூன்றே வகை. பன்றி வேட்டைக்கு ஒளித்து வைத்திருக்கும் இடியன். காட்டுப் பாதையில் யாரோ கட்டிவைத்து, பன்றிக்குப் பதில் ஆளின் காலைக் கொண்டுபோகும் கட்டுத்துவக்கு. மூன்றாவதைப் பற்றி யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. நாலாவதாக விளையாட்டுத் துவக்கு என்று ஒன்று இருக்கிறது என்பதை நம்பவைக்க, பாரிஸ் ஒலிம்பிக்கில் காற்சட்டைப் பொக்கற்றுக்குள் ஒரு கையை விட்டபடி சுட்ட துருக்கிக்காரர் யூசுப் டிகெச்சின் படத்தைக் காட்டினேன். அம்மா பார்த்துவிட்டு, "இந்தாள் கடைக்கு வந்த ஆள் மாதிரியெல்லோ நிக்குது" என்றார். கொஞ்சம் இளகினார்.

மாமா இளகவில்லை. 2024 நவம்பர் அளவில், தற்பாதுகாப்புக்கென்று அனுமதி கொடுத்த துவக்குகளையெல்லாம் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி பாதுகாப்பு அமைச்சு அறிவித்திருந்த நேரம். "இருக்கிறவனிட்டயே வாங்கிறாங்கள், உனக்குத் தருவாங்களோ?" என்றார். நியாயமான கேள்வி.

எந்த வகை என்பதில் எனக்கே குழப்பம் இருந்தது. தம்பி, "எடுக்கிறதெண்டா பெரிசா எடுங்கோ அக்கா" என்று 9 மில்லிமீற்றர் பிஸ்டல்களின் வீடியோக்களாக அனுப்பினான். கழகத்துப் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் சொன்னதன் சாரம் இது: வெடிக்கும் துவக்கில் தொடங்கினால், சுடுவதற்கு முன்பே கண் தானாக மூடவும் கை தானாகக் கீழே அமுக்கவும் பழகிவிடும். அந்தப் பழக்கத்தைக் கழற்ற இரண்டு வருடம் வேண்டும். 0.22 அங்குலத் தோட்டா போடும் பிஸ்டல் நல்லதுதான், 25 மீற்றர் போட்டி அதில்தான். ஆனால் அதற்கு 25 மீற்றர் சுடுதளம் வேண்டும், தோட்டாவுக்கும் அலைய வேண்டும். காற்றுப் பிஸ்டலுக்கு 500 சன்னம் கொண்ட ஒரு டின் வாங்கினால், 60 சன்னப் போட்டி எட்டுக்குக் காணும். துவக்கைத் தூக்குவது, குறி பார்ப்பது, விசையை அழுத்துவது எல்லாவற்றுக்கும் அதுதான் அரிச்சுவடி.

சரி, காற்றுத்தான். ஆனால் அதிலும் நாலு சாதி. சுருள்வில் வைத்தது சுடும்போது முன்னும் பின்னும் உதறும், போட்டிக்கு உதவாது. கரியமில வாயு வைத்ததில் வெப்பநிலையோடு அழுத்தமும் ஏறி இறங்கும், கிளிநொச்சி ஏப்ரல் வெயிலில் ஒரு குறி, மார்கழியில் இன்னொரு குறி. மூன்றாவது, நெம்புகோலை ஒரு தடவை இழுத்துக் காற்றை அடைப்பது. ரஷ்யத் தயாரிப்பான ஐஸ்எச் 46எம் அந்த வகை. சிலிண்டர் தேவையில்லை, ஒருவரிடமும் காற்றுக்குப் போய் நிற்கத் தேவையில்லை, விலையும் குறைவு. எங்கள் ஊருக்கென்றே செய்ததுபோல இருந்தது. கழகத்தில் ஒருவரிடம் இருந்ததை வாங்கிச் சுட்டுப் பார்த்தேன். துல்லியத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் 1,200 கிராமுக்கு மேல் எடை, ஒவ்வொரு சன்னத்துக்கும் அந்த நெம்புகோல். இருபதாவது சன்னத்தில் என் வலக்கை கிணற்றில் தண்ணி அள்ளிய கைபோல நடுங்கியது. பலமான தோள் உள்ளவர் இதை எடுத்தால் தவறில்லை. எனக்குச் சரிவரவில்லை.

மிஞ்சியது, 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்த சிலிண்டர் வைத்தது. இப்போது பெரிய போட்டிகளில் எல்லோரும் சுடுவது இதில்தான். காற்றை எங்கே நிரப்புவது? இந்த ஆராய்ச்சியில் மட்டும் எனக்கு இரண்டு மாதம் போனது. முல்லைத்தீவுப் பக்கம் கடல் அட்டைக்கு இறங்கும் சுழியோடிகளின் சிலிண்டர்கள் ஞாபகம் வந்தது. அவையும் ஏறக்குறைய 200 பார்தான், மூச்சுவிடும் காற்று என்பதால் ஈரமும் வடிகட்டப்பட்டிருக்க வேண்டும். ஒரு தெரிந்த அண்ணாவிடம் கேட்டேன். "உதுக்குள்ள எத்தனை பேருக்குக் காத்து வேணும்?" என்று கேட்டார். துவக்கின் சிலிண்டர் டோர்ச் லைற்றைவிடச் சின்னது என்று காட்டியதும் சிரித்துவிட்டு, இணைப்புக் குழாய் கொண்டுவந்தால் சும்மாவே நிரப்பித் தருவதாகச் சொன்னார். கடைசியில் அது தேவைப்படவே இல்லை. ஏன் என்பது பிறகு வரும்.

புதிய உயர்தரப் பிஸ்டல் 1,500 யூரோவைத் தாண்டும். எங்கள் காசில் ஒரு பழைய லாண்ட்மாஸ்ரர் எடுத்து வயல் உழலாம். ஆகவே கழகத்துக்குள்ளேயே விலைக்கு வந்த பழையவற்றைப் பார்த்தேன். மொரினி ஒன்று, ஸ்டையர் எல்பி10 ஒன்று. மொரினியின் விசை மின்சாரத்தில் இயங்குவது. கண்ணாடி உடைவதுபோல, அவ்வளவு சுத்தமாக விடுபடும். மனதுக்குள் அதைத்தான் எடுத்துவிட்டேன். ஆனால் இந்திய வீராங்கனை மனு பாக்கருக்கு டோக்கியோ ஒலிம்பிக்கில் தகுதிச் சுற்றின் நடுவே துவக்கு பழுதாகி நேரம் போனது நினைவில் இருந்தது. மூன்று வருடம் கழித்துப் பாரிஸில் அவர் இரண்டு வெண்கலம் எடுத்தது வேறு கதை. அவருக்குப் பின்னால் ஒரு நாடே நின்றது. எனக்கு ஒன்று பழுதானால் திருத்த யார் இருக்கிறார்? எல்பி10 முழுக்க இயந்திர விசை. கழகத்தில் அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர் இருவர். அதையே எடுத்தேன்.

பழையது வாங்குவதிலும் ஒரு தடவை ஏமாந்திருப்பேன். இதற்கு முன்பு வேறொருவர் மலிவாக ஒன்றைத் தருவதாகச் சொல்லி, முற்பணம் கொடுக்கும் கட்டம்வரை போனது. பயிற்சியாளர் சிலிண்டரைத் திருப்பி, அதில் பொறித்திருந்த ஆண்டைக் காட்டினார். இந்தச் சிலிண்டர்களுக்குப் பத்து வருடம்தான் ஆயுள். அது முடிந்து மூன்று வருடம். புதுச் சிலிண்டரின் விலையைக் கூட்டினால் மலிவு எங்கேயோ போய்விட்டது. பழையது வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது குழலை அல்ல, அந்த ஆண்டை.

அடுத்தது விசை. 10 மீற்றர் பிஸ்டலுக்கு விசை எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது. போட்டிக்கு முன்பு அரைக் கிலோப் படியை விசையில் தொங்கவிட்டுத் தூக்குவார்கள், விசை விடுபட்டால் துவக்கு தள்ளுபடி. எங்கள் சந்தையில் மிளகாய் நிறுக்கிற அரைக் கிலோப் படிக்கு இப்படி ஒரு வேலை இருக்கிறதென்று எனக்கு அதுவரை தெரியாது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது கைபிடி. இதைத் தெரிந்திருந்தால் அந்த இரண்டு மாதத்தையும் காற்றுக்குச் செலவழித்திருக்க மாட்டேன். கணக்காகவே சொல்கிறேன். துவக்கின் மேலே, இலக்கைப் பார்க்க வைத்திருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையே ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். கை முழுவதும் ஒரு மில்லிமீற்றர் ஆடினால் சன்னமும் ஒரு மில்லிமீற்றர்தான் விலகும். ஆனால் மணிக்கட்டு மடங்கி, முன் குறி மட்டும் ஒரு மில்லிமீற்றர் விலகினால், பத்து மீற்றரில் அது 30 மில்லிமீற்றர் ஆகும். பத்துப் புள்ளி வட்டத்தின் முழு அகலமே 11.5 மில்லிமீற்றர். பத்துக்கு வைத்த சன்னம் ஏழில் போய் நிற்கும். மணிக்கட்டை ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் பூட்டி வைப்பது கைபிடி மட்டும்தான்.

சோதிக்கும் முறையும் எளியது. கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தூக்கி நீட்டுங்கள். கண்ணைத் திறக்கும்போது முன் குறி பின் குறியின் இடைவெளிக்குள் தானாக நிற்க வேண்டும். நீங்கள் மணிக்கட்டைத் திருப்பித்தான் கொண்டுவர வேண்டும் என்றால் அது உங்கள் கைபிடி அல்ல. நான் வாங்கிய எல்பி10இல் இருந்தது நடுத்தர அளவுக் கைபிடி. என் கைக்குள் அது தேங்காய்போல இருந்தது. ஜேர்மனியில் இருக்கும் சித்தி மகள் லீவுக்கு வரும்போது சின்ன அளவில் ஒன்று வாங்கி வந்தாள்.

அதுவும் முழுதாகப் பொருந்தவில்லை. உள்ளங்கை எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்று எப்படிப் பார்ப்பது? அம்மா சாமித் தட்டிலிருந்து திருநீற்றை எடுத்து என் கையில் பூசிவிட்டார். கைபிடியை இறுக்கிப் பிடித்து விட்டேன். வெள்ளை ஒட்டிய இடம் படுகிறது, ஒட்டாத இடம் பள்ளம். பட்டு உறுத்தும் இடத்தை அராவவும் பள்ளத்தை மரப்பசையால் நிரப்பவும் பரந்தனில் ஒரு தச்சு வேலைக்காரரிடம் போனேன். விரல்களுக்குப் பள்ளம் வைத்த அந்தக் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "செயற்கைக் கை செய்யிறவையளிட்டக் குடுக்கலாமே பிள்ளை, அவையள் இன்னும் வடிவாச் செய்வினம்" என்றார். அவருடைய இடது கையில் மூன்று விரல்கள் இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். கூடவே ஹங்கேரிக்காரர் கரோலி டக்காசின் கதையையும் சொன்னேன். 1938இல் கைக்குண்டு வெடித்து வலது கை சிதைந்தது, இடது கையால் பழகி 1948இலும் 1952இலும் ஒலிம்பிக்கில் தங்கம் எடுத்தார். தச்சு வேலைக்காரர் அராவிக்கொண்டே கேட்டார், முடிவில் சொன்னது இவ்வளவுதான்: "அப்ப அந்தாளிட்டத் திரும்பவும் துவக்கைக் குடுத்திருக்கிறாங்கள்." காசு முந்நூறு ரூபாதான் வாங்கினார்.

இனி அனுமதி. காற்றுத் துவக்குத்தானே, கடையில் வாங்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டிலிருந்து இறக்க பாதுகாப்பு அமைச்சின் சம்மதம் வேண்டும். என்னுடையது ஏற்கெனவே நாட்டுக்குள் இருந்ததால் அந்தப் பகுதி இல்லை. ஆனால் வீட்டில் வைத்திருக்கக் கேட்டபோது கதை நீண்டது. விதானையாரின் கடிதம், நன்னடத்தைச் சான்று, கழகத்தின் கடிதம், போட்டிப் புள்ளிகளின் பிரதி. ஓர் அலுவலகத்தில் கோப்பை மூடி வைத்துவிட்டு, முந்தி இயக்கத்தில் இருந்தீர்களா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியென்றால் எப்படிச் சுடத் தெரியும் என்று அடுத்த கேள்வி. கொழும்பில் பழகினேன் என்றதும் எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை வைத்துவிட்டார். மூன்று தடவை அலைந்தேன். ஒரே பத்திரத்தின் பிரதியை மூன்று தடவையும் கேட்டார்கள்.

நாலாவது தடவை போகவில்லை. களைத்துப்போய் விட்டதாகச் சொல்ல மாட்டேன், யோசித்துப் பார்த்தேன். வீட்டில் வைத்தால் பூட்டுப் பெட்டி வேண்டும், யார் வந்தாலும் போனாலும் அம்மாவுக்கு நித்திரை இல்லை, ஊரில் எது நடந்தாலும் முதலில் கதவு தட்டப்படுவது எங்கள் வீடாக இருக்கும். துவக்கு கழகத்தின் பொறுப்பில், கழகத்தின் பெட்டகத்தில் கொழும்பில் இருக்கட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அங்கேயே காற்றும் நிரப்புவார்கள். முல்லைத்தீவு அண்ணாவுக்குப் போன் எடுத்துச் சொன்னேன், அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

கைபிடியை மட்டும் கழற்றிக்கொண்டு வந்தேன். அதன் உள்ளே ஒரு இரும்புத் துண்டை, துவக்கின் எடைக்குச் சமமாக ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைய, லேத்துக்காரரிடம் கொடுத்துப் பொருத்தினேன். துவக்கின் வடிவம் வரக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன், வெறும் சதுரத் துண்டு. விடிய இருபது நிமிடம், ஒவ்வொரு தடவையும் பத்து விநாடி. ஆறு மாதத்தில் என் சராசரி பத்துச் சன்னத்துக்கு 83இலிருந்து 89 ஆகியது. கொழும்பில் வாரம் மூன்று நாள் சுடும் ஒரு பிள்ளை என்னைவிட அவ்வளவு கூட இல்லை.

அடுத்தது சப்பாத்து. பிஸ்டல்காரர்களுக்குக் கணுக்கால் எலும்பை மூடாத, தட்டை அடி உள்ள சப்பாத்துத்தான் விதி. கிளிநொச்சியில் நாலு கடை ஏறி இறங்கிவிட்டேன், என் அளவில் இல்லை. வருகிற கிழமை வவுனியாவுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அதற்கு விதானையாரின் கடிதம் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன்.