காற்றுக்கு ஒரு தாள், தண்ணீருக்கு ஒரு தாள்: வேதாரண்யம் பக்கத்தில் பேரிடர் ஆபத்துக் கணக்கெடுப்பு

வேதாரண்யம் பக்கத்து ஊர்களில் ஆபத்துக் கணக்கெடுக்க இறங்கினால் முதலில் கண்ணில் படுவது வெள்ளம்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியை யாரும் மறக்கவில்லை. ஆனால் 2018 நவம்பர் 16 நள்ளிரவு தாண்டிக் கரையேறிய கஜா புயலில் உள்ளூர்களை முடக்கியது பெரிதும் காற்று. தென்னை சாய்ந்தது, கூரை போனது, மின்கம்பம் விழுந்தது. அதனால் காற்றுக்கும் தண்ணீருக்கும் தனித்தனித் தாள் வேண்டும். இரண்டையும் கூட்டி ஒரே மதிப்பெண் போட்டால் மேட்டுத்தெருக் கூரை வீடும் பள்ளத்தெருத் தளம் போட்ட வீடும் ஒரே ‘நடுத்தரம்’ ஆகிவிடும். முதல் வீட்டாரைப் புயலுக்கு முந்தைய மாலையே கூட்டிப்போயாக வேண்டும். இரண்டாவது வீட்டுக்கு மொட்டை மாடிக்கு ஏறப் படி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தண்ணீர்த் தாளுக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் (விஏஓ) புலப்படம் வாங்கிக்கொண்டு தெருத்தெருவாக நடக்க வேண்டும். “எவ்வளவு தண்ணீர் வந்தது?” என்று கேட்டால் ஒருவர் முழங்கால் என்பார், அடுத்தவர் இடுப்பு என்பார். “திண்ணையில் ஏறியதா, அடுப்பு நனைந்ததா?” என்று கேட்டுவிட்டுத் திண்ணையை அளப்பது மேல். வெள்ளை அடித்த சுவரில் கறை தெரியாது. மாட்டுக்கொட்டகை, பீரோவின் பின்பக்கம், குளியலறைக் கதவு ஆகியவற்றில் பார்க்கலாம்.

உயரத்தைச் சாலையிலிருந்து அளந்தால் கணக்கு கெடும். மேலே மேலே தார் போட்டு ரோடு உயர்ந்திருக்கும். கோயில் வாசற்படி மாதிரி மாறாத ஓரிடத்தை அடையாளம் வைத்து, கொத்தனார் பயன்படுத்தும் டியூப் லெவலால் (தண்ணீர் நிரப்பிய கண்ணாடி போன்ற குழாய்) மட்டம் பிடித்தால் அரை அங்குலத்துக்குள் சரியாக வரும். 15 மீட்டர் குழாய் போதும். உள்ளே காற்றுக்குமிழி நின்றாலோ, ஒரு பக்கம் வெயிலில் சூடானாலோ மட்டம் பொய் சொல்லும்.

அரசு வகைப்பாடு ஆழத்தைப் பார்க்கிறது: 5 அடிக்கு மேல் மிக அதிகம், 3 முதல் 5 வரை அதிகம், 2 முதல் 3 வரை நடுத்தரம், அதற்குக் கீழ் குறைவு. இதோடு ‘எத்தனை நாள் நின்றது’ என்ற பத்தியையும் சேர்க்காவிட்டால் வாய்க்கால் முடியும் கடைமடை ஊர்களில் ஏமாந்துபோவோம். ஒன்றரை அடித் தண்ணீர் ஒரு வாரம் நின்றாலே மண்சுவர் ஊறிச் சரியும். கடல் ஏற்றத்தின்போது வடிகால் வடியாது. உப்புநீர் ஏறாமலிருக்க மதகையும் அடைத்திருப்பார்கள். மழை விட்ட பிறகும் தண்ணீர் நிற்பது இதனால்தான். ஆகவே ஷட்டர் துருப்பிடித்திருக்கிறதா, ஆகாயத்தாமரை எதுவரை அடைத்திருக்கிறது என்பதும் கணக்கில் வரும். அடைப்பு பக்கத்து ஊர் எல்லையில் இருந்தாலும் நம் தாளில் எழுத வேண்டும்.

காற்றுத் தாள் எளிது, ஆனால் கால் வலிக்கும். கூரை, ஓடு, ஆஸ்பெஸ்டாஸ், தளம் என வீடு வீடாக எண்ண வேண்டும்; செயற்கைக்கோள் படத்தில் ஓடும் ஷீட்டும் குழம்பும். சாய்ந்தால் வீட்டைத் தொடும் தூரத்தில் தென்னை நின்றால் குறித்துக்கொள்ள வேண்டும். ஊருக்குள் நுழையும் ஒரே சாலையின் இரு பக்கமும் மரம் இருந்தால், அந்த ஊர் துண்டிக்கப்படும் என்றே எழுதலாம். கரண்ட் போனால் மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஓடாது. கைப்பம்பு எத்தனை, அதில் எத்தனை உப்புக் கரிக்காதவை என்பது தனி வரி.

கடைசியாகத் தங்குமிடம், அதாவது புயலின்போது மக்களைக் கூட்டிவந்து வைக்கும் மையம். பதிவேட்டில் ‘300 பேர்’ என்று இருக்கும், உட்கார வைத்துப் போட்ட கணக்கு. படுக்க ஆளுக்கு 3.5 சதுர மீட்டர் வைத்தால் 350 சதுர மீட்டர் கூடம் 100 பேருக்குத்தான். ரேஷன் அட்டைப் பட்டியலை மட்டும் நம்பினால் வெளியூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் உப்பளத் தொழிலாளர்கள் விடுபடுவார்கள். அக்டோபர் முதல் டிசம்பருக்குள் பிரசவ நாள் உள்ளவர்களைக் கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு வாங்கலாம். மையத்தில் ஆடு மாடு கட்ட இடமில்லை என்றால், வீட்டுக்கு ஒருவராவது வராமல் அவற்றோடு தங்கிவிடுவார். அந்த எண்ணிக்கையையும் எழுதிவைக்க வேண்டும். மையத்தின் சாவி யாரிடம், அவர் வீட்டுக்குப் போகும் வழியில் தண்ணீர் நிற்குமா என்பது தாளின் கடைசிக் கட்டம்.