பழைய டிஸ்ப்ளேவைக் கேட்டு வாங்குங்கள்

தீபாவளிக் கூட்டத்தில் சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவின் கேம்பல் லேனில் நடந்துகொண்டிருந்தபோது என் ஐபோன் 12 கையிலிருந்து நழுவிவிட்டது. எடுத்துப் பார்த்தால் மேல் மூலையிலிருந்து கீழ்வரை விரிசல். ஆனால் படம் பளிச்சென்று தெரிந்தது, எங்கே தொட்டாலும் டச் வேலை செய்தது. அப்படியென்றால் உடைந்தது மேல் கண்ணாடி மட்டும்தான், அடியில் படத்தைக் காட்டும் ஓலெட் பேனல் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றைக்கு எனக்கு இது தெரியாது.

பக்கத்தில் ஒரு கடையில் கொடுத்தேன். "டிஸ்ப்ளே போச்சு, முழுசா மாத்தணும்" என்றார்கள். அரை மணி நேரத்தில் புதுத் திரையோடு போன் கைக்கு வந்தது, 120 வெள்ளி கொடுத்துவிட்டு எம்ஆர்டி ஏறிவிட்டேன். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படம் பார்த்தபோதுதான் கவனித்தேன், கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகத் தெரிகிறது. ஓலெட்டில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளியே அணைந்துவிடும். எனக்குப் போட்டிருந்தது இன்செல் எல்சிடி, அதில் பின்னால் விளக்கு எப்போதும் எரியும். பேட்டரி சாயங்காலத்துக்குள் காலி. சுற்றியிருக்கும் வெளிச்சத்துக்கு ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன் பட்டனையே காணோம். செட்டிங்ஸில் அறியாத பாகம் என்று ஒரு வரி வேறு.

மலிவான திரை போட்டதுகூட எனக்குப் பெரிய வருத்தம் இல்லை. என்ன போடுகிறோம் என்று சொல்லாமல் போட்டதும், என் ஒரிஜினல் பேனலைக் கடையிலேயே வைத்துக்கொண்டதும்தான் இன்றுவரை உறுத்துகிறது. கண்ணாடி உடைந்த ஒரிஜினல் டிஸ்ப்ளேவுக்குச் சந்தையில் நல்ல விலை உண்டு. அதை வாங்கிக் கண்ணாடி மாற்றி, ரீஃபர்பிஷ்ட் ஒரிஜினல் என்று வேறொருவருக்கு விற்பார்கள். என் பொருள் அது, நான் கேட்கவே இல்லை.

அப்புறம் அம்மாவின் ஐபோன் 11 உடைந்தபோது அவசரப்படவில்லை. தேக்கா பக்கம் கண்ணாடி மட்டும் மாற்றித் தருகிற ஒரு அண்ணனைத் தேடிப் போனேன். "இது எல்சிடி தம்பி, பயப்படாதீங்க, பக்கத்துலயே உட்கார்ந்து பாருங்க" என்றார்.

திரையைக் கழற்றி, சூடான தட்டில் படுக்க வைத்தார். எண்பது டிகிரி. பசை இளகியதும், தலைமுடியைவிட மெல்லிய ஒரு கம்பியைக் கண்ணாடிக்கும் பேனலுக்கும் நடுவே கொடுத்து, இரண்டு கையாலும் அறுப்பதுபோல இப்படியும் அப்படியும் இழுத்துக்கொண்டே கீழே வந்தார். கண்ணாடித் தூள் கம்பியில் நெறுநெறுவென்று உரசும் சத்தம் கேட்டது, நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கம்பி கொஞ்சம் கீழே அழுந்தினால் பேனல் போய்விடும். கண்ணாடி பிரிந்த பிறகு பேனல் முழுக்கப் பிசின்போலப் பழைய பசை ஒட்டியிருந்தது. அதைக் கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுக்கவே இருபது நிமிடம். ஒரு தூசி மிஞ்சினாலும் கண்ணாடிக்குள் புள்ளியாக நின்றுவிடுமாம். அதன் பிறகு ஓசிஏ என்கிற தெளிந்த பசைத்தாளோடு புதுக் கண்ணாடியை வைத்து, காற்றை உறிஞ்சிவிட்டு அழுத்தும் மெஷினில் ஒட்டினார். மிச்சக் குமிழிகள் போக அழுத்தக் காற்றுள்ள இன்னொரு பெட்டியில் கொஞ்ச நேரம். பேனல் அதேதான் என்பதால் நிறம் மாறவில்லை, செட்டிங்ஸிலும் எந்த எச்சரிக்கையும் வரவில்லை.

ஓரத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் பசைச் சட்டமும் புதிதாகப் போட்டார். ஆனாலும் கம்பெனியில் வந்த அளவுக்குத் தாங்கும் என்று நம்ப வேண்டாம் என்று அவரே சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஆகவே கடையில் போனைக் கொடுக்கும் முன் கேளுங்கள்: பேனல் நன்றாக இருக்கிறதா, கண்ணாடி மட்டும் மாற்ற முடியுமா? முடியாது என்றால் போடப்போவது இன்செல்லா, கண்ணாடித் தளத்தில் செய்த ஹார்ட் ஓலெட்டா, வளையும் பிளாஸ்டிக் தளத்தில் செய்த சாஃப்ட் ஓலெட்டா, வேறு போனிலிருந்து கழற்றிய ஒரிஜினலா? பதிலை ரசீதில் எழுதி வாங்குங்கள். பழையதைக் கையில் வாங்குங்கள், அல்லது அதற்கு விலை குறைக்கச் சொல்லுங்கள். திரையில் கறுப்புத் திட்டு பரவியிருந்தாலோ பச்சைக் கோடு ஓடினாலோ பேனலே அடிபட்டுவிட்டது, அப்போது கண்ணாடி மாற்றிப் பயனில்லை.

தங்கையின் சாம்சங் இப்போது என் மேசைமேல் இருக்கிறது, ஓரம் வளைந்த திரை. வளைந்த ஓலெட்டில் கண்ணாடியைப் பிரிக்கும்போது பேனல் போக வாய்ப்பு அதிகம், உறுதி தர முடியாது என்று அண்ணன் போனிலேயே சொல்லிவிட்டார். தங்கையிடமும் அப்படியே சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை இரண்டு பேருமாகப் போகிறோம்.