கிரயோன் முதலில் எங்கே போனான்?

கி.மு. 441 வாக்கில் ஏதென்சில் அரங்கேறியதாகக் கருதப்படும் சோஃபோக்கிளீசின் ‘ஆன்டிகனி’யைக் கடலூரில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடத்தும்போது, உறவுமுறையை விளக்க நான் சிரமப்பட வேண்டியிருக்கவில்லை. அரசன் கிரயோன் ஆன்டிகனிக்குத் தாய்மாமன். அவன் மகன் ஹேமன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட முறைமாப்பிள்ளை. அவளுடைய சகோதரர்களான, தீப்ஸ் நகரைக் காத்த எட்டியோக்ளீசும் அதன்மீது படையெடுத்து வந்த பாலினைசீசும் ஒருவரையொருவர் கொன்று மடிந்தபின், காத்தவனுக்கு மட்டுமே ஈமக்கடன், மற்றவன் உடல் நாய்க்கும் பறவைக்கும் இரை என்று தாய்மாமனே ஆணையிடுகிறான். உடன்பிறந்தவள் தனியாளாகப் போய் அவ்வுடலின்மேல் மண் தூவினாள் என்றதும், “பொம்பளைங்க சுடுகாட்டுக்கே போகக்கூடாதே சார்” என்றான் ஒருவன். அவனோடு சண்டைக்கு நின்ற மாணவியர் அத்தனை பேரும் ஆன்டிகனி வேடம் கேட்டார்கள்.

அந்த வேடத்தை நான் யாருக்கும் தரவில்லை. சேர்ந்து பாடி ஆடும் தீப்ஸின் முதியோர் குழுவிலிருந்துதான் தொடங்கினேன், ஏனெனில் இந்நாடகத்தின் அச்சமெல்லாம் அங்கேதான் தேங்கி நிற்கிறது. சோஃபோக்கிளீசின் அரங்கில் மூன்று நடிகர்களே முகமூடி மாற்றி எல்லாப் பாத்திரங்களையும் ஏற்க, 15 பேர் கொண்ட குழு நுழைந்தது முதல் இறுதிவரை ஆடுகளத்திலேயே இருக்கும். திரௌபதி அம்மன் திருவிழாக்களில் கூத்துப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் உடனே பின்பாட்டுக்காரர்களை நினைத்துக்கொண்டார்கள். அந்த ஒப்புமை பாதி தூரம்தான் வரும். பின்பாட்டுக்காரர் துரியோதனனுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பெஞ்சுகளை ஓரம் தள்ளி 15 பேரை நெருக்கமாக நிறுத்தினேன். இந்தப் பெண்ணுக்காக ஊர் மறைவில் அழுகிறது என்று ஹேமன் தந்தையிடம் சொல்லும் இடத்தில், கிரயோனாக நின்றவன் முதுகு காட்டியிருக்கும்வரை ஒவ்வொருவரும் தம் மனத்தில் இருப்பதை முணுமுணுக்க வேண்டும், அவன் திரும்பியதும் அவனிடம் ஏதேனும் சொல்ல வேண்டும் என்பது பயிற்சி. “அநியாயம், அநியாயம்” என்று கொதித்துக்கொண்டிருந்த குழு, அவன் திரும்பிய நொடியில், யாரும் சொல்லித் தராமலே “ஆமாங்கய்யா” என்றது.

குருட்டு ஞானி டைரீசியஸ் எச்சரித்துவிட்டுப் போனபிறகு கிரயோன் குழுவிடமே யோசனை கேட்கிறான். மண் தூவியதற்காக உயிரோடு அடைக்கப்பட்ட பெண்ணைப் பாறைக்குகையிலிருந்து விடுவி, இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு என்கிறார்கள், வரிசை அதுதான். இரு வரிசையாக நின்ற முதியோர் நடுவே நடந்த எங்கள் கிரயோன் நேரே குகைப் பக்கம் போனான். நாடகத்திலோ, தூதுவன் கூற்றின்படி, அவன் முதலில் பிணத்திடம் போகிறான். நீராட்டி, எரித்து, மண்மேடு எழுப்பிய பிறகே குகைக்குச் செல்கிறான். அதற்குள் ஆன்டிகனி தூக்கிட்டுக்கொண்டாள். ஹேமனும், செய்தி கேட்ட தாய் யூரிடைசியும் தம்மை மாய்த்துக்கொள்கிறார்கள்.

ஏன் அப்படிப் போனான் என்பதில் வகுப்பு முழுதும் கரைந்தது. தெய்வக் குற்றத்தை முதலில் தீர்க்க நினைத்தான் என்பது ஒரு கட்சி. “மாமா பொணத்துக்குத்தான் பயந்தாரு சார், பொண்ணுக்கு இல்ல” என்றாள் ஒருத்தி. நான் அவள் பக்கம். தன் ஆணையைத் திருத்துவதில் இருந்த அவசரம் அவனுக்கு உயிரோடிருந்தவளைக் காப்பதில் இல்லை. அப்போது வரிசையில் நின்றவர்களில் ஒருவன், “வழி மாறிப் போறாருன்னு நாங்க ஏன் சார் சொல்லல?” என்று கேட்டான். அடுத்த வகுப்பில் குழுத்தலைவனை நாற்காலியில் அமர்த்தி அவனிடமே இதைக் கேட்கப்போகிறோம்.