பட்டியலில் இல்லாத பல்கலைக்கழகம்

பதினொரு வாரம் அலைந்து, போன வெள்ளிக்கிழமைதான் வேலை உறுதியானது. இணையவழியில் மட்டும் நடக்கும் புதிய பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி வேலை தேடப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

படிப்பு, தேர்வு, பட்டம் எல்லாம் ஒழுங்காக முடிந்தன. முதல் அடி விண்ணப்பப் படிவத்தில் விழுந்தது. 'பயின்ற பல்கலைக்கழகம்' என்ற கட்டத்தில் நாமாக எதுவும் எழுத முடியாது, பட்டியலில் இருந்துதான் எடுக்க வேண்டும். எங்கள் பெயர் இல்லை. சரி என்று கடைசியில் இருந்த 'மற்றவை'யை அழுத்தினேன். நான்கே நிமிடத்தில் நிராகரிப்பு வந்தது. அதற்குள் என் மதிப்பெண்ணை யார் படித்திருக்க முடியும்?

இரண்டாவது நிறுவனத்தில், தெரிந்தவர் சொன்னதால் செய்முறைத் தேர்வுக்கு விட்டார்கள். தேறினேன். அப்புறம் சான்றிதழ் சரிபார்ப்பு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கியூஆர் குறியீட்டைக் கட்டைவிரலால் தேய்த்துக்கூடப் பார்த்தார்.

"ஸ்கேன் பண்ணிப் பாருங்க சார், நேரா பல்கலைக்கழகப் பக்கத்துக்கே போகும்."

"ஒட்டின உறையில முத்திரையோட வரணும். நான் பாஸ் பண்ணி, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

எனக்கு முன்னால் வந்தவர் பழைய, பெரிய பல்கலைக்கழகத்துக்காரர். அவருடைய கோப்பை இரண்டு நிமிடத்தில் மூடிவிட்டார்கள். ஒரு நாள் விடுப்பு வீண்.

கோபம் அடங்க நேரமானது. ஆனால் அந்தத் தலை உருளும் பயத்தில்தான் எல்லாமே இருக்கிறது. பெரிய பெயரைப் பார்த்து எடுத்த ஆள் சரியில்லாமல் போனால், எடுத்தவரை யாரும் குறை சொல்வதில்லை. எங்களைப் போன்றவர் சரியில்லை என்றால் முதல் கேள்வியே அவருக்குத்தான். பாடம் இலவசமாகக் கிடைப்பதால் இது மாறிவிடாது. 2012-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் தன் மின்சுற்றுப் பாடத்தை இணையத்தில் திறந்தபோது சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள், 7,157 பேர் தேறினார்கள். அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு பாடத்துக்கான சான்றிதழ். எம்ஐடி பட்டம் வேண்டுமென்றால் பழையபடி அதே குறுகிய வாசலில்தான் நிற்க வேண்டும். தரவரிசையில் ஏறி வரலாம் என்றால் அங்கேயும் இதே கதை. உலகப் பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் கியூஎஸ் பட்டியலில் 45 சதவீதம், கல்வியாளர்களிடமும் வேலை தருவோரிடமும் கேட்டு வாங்கும் நற்பெயர் மதிப்பெண். கேள்விப்படாத பெயரை யார் சொல்வார்கள்?

மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே ஒட்டி அனுப்பும் அந்த முத்திரை வைத்த உறைக்கு, பட்டம் வந்த அன்றே எழுதிப்போடுங்கள். எனக்கு அது கைக்கு வர ஐந்து வாரம் ஆனது. உறையைப் பிரித்துவிடாதீர்கள், பிரித்தால் செல்லாது. அங்கீகாரக் கடிதம் இரண்டு நகல் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றை அவர்கள் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். பாடத்திட்டம் அறுபது பக்கம் அச்செடுத்துப் போனேன், யாரும் தொடவில்லை. முக்கியமாக, 'மற்றவை'யை அழுத்துவதற்கு முன் ஆள்சேர்ப்புப் பிரிவுக்கு எழுதி, பல்கலைக்கழகத்தின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். வேலையில் சேர்ந்த பிறகு நான் எழுதினேன். நேற்று எங்கள் நிறுவனத்தின் படிவத்தைத் திறந்து பார்த்தேன், பெயர் வந்துவிட்டது.