'ஃபிட்' என்று எழுதிக் கொடுத்தாயிற்று, அப்புறம்?

பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை, தொடர்ந்து ஆறு மாதம் கீமோ. எல்லாம் முடிந்து 2023-இல் வேலைக்குத் திரும்பினேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் வாகன உதிரிபாகம் செய்யும் கம்பெனி. தர ஆய்வுப் பிரிவில் இன்ஸ்பெக்டர். சிகிச்சைக் கதையை இங்கே சொல்லப் போவதில்லை. திரும்பிப் போன பிறகு நடந்தது மட்டும்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்பதால் நான் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐயில் இருந்தேன். பண விஷயத்தில் அதைக் குறை சொல்ல மாட்டேன். முதல் 91 நாளுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் வந்தது. புற்றுநோய் அவர்களுடைய நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் அதற்கு மேல் 80 சதவீதம். தேவைப்பட்டால் இரண்டு ஆண்டு வரை நீட்டிப்பார்கள். உதவித்தொகை வாங்கும் காலத்தில் வேலையை விட்டு நீக்கவும் கூடாது, அப்போது நடப்பில் இருந்த இஎஸ்ஐ சட்டம் 73-ஆம் பிரிவு. ஆனால் அந்த ஏற்பாட்டில் நீங்கள் நோயாளி, இல்லாவிட்டால் ஃபிட். நடுவில் ஒன்றும் கிடையாது. வேலை செய்த நாளுக்கு உதவித்தொகை இல்லை என்பதால், ஒரு மாதம் அரை நாள் போய்ப் பழகலாம் என்பதற்கெல்லாம் வழியில்லை. இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் 'ஃபிட்' என்று கடைசிச் சான்றிதழ் வாங்கிய மறுநாளே முழு ஷிஃப்ட்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 உதவுமா என்று பார்த்தேன். அதில் உள்ள 21 வகைகளில் புற்றுநோய் இல்லை. ஆக, சட்டத்தைக் காட்டிக் கேட்க என் கையில் எதுவுமில்லை. வேலையைக் காட்டித்தான் கேட்க வேண்டும்.

முதல் தகராறு கேட்டிலேயே வந்தது. கைரேகை வைத்தால் வருகைப்பதிவு மெஷின் ஏற்கவில்லை. நான் சாப்பிட்ட கேப்சிடபின் என்ற கீமோ மாத்திரையால் உள்ளங்கையும் பாதமும் சிவந்து தோல் உரியும். சிலருக்கு ரேகையே மங்கிவிடும். இதே மாத்திரை எடுத்துக்கொண்ட சிங்கப்பூர்க்காரர் ஒருவரை, ரேகை தெரியவில்லை என்று அமெரிக்க விமான நிலையத்தில் நான்கு மணி நேரம் உட்கார வைத்தது 2009-இல் மருத்துவ இதழிலேயே வந்திருக்கிறது. எனக்கு நடந்தது அவ்வளவு பெரிதில்லை, வேலை செய்த நாட்கள் ஆப்சென்ட் என்று சம்பளச் சீட்டில் வந்தன. அதைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்ற பிறகு ஸ்வைப் கார்டு கொடுத்தார்கள்.

டாக்டர் முதலில் கொடுத்த கடிதத்தில் 'இலகுவான வேலை கொடுக்கவும்' என்று ஒரே வரி. ஹெச்.ஆர். படித்துவிட்டு, "லைட் வொர்க்னு நம்ம கம்பெனியில ஒரு டிபார்ட்மென்ட் இல்லையே சார்" என்றார். கோபம் வந்தது, ஆனால் அவர் கேட்டதில் நியாயம் உண்டு. அந்த ஒரு வரியை வைத்து யாரும் ஆளை எங்கேயும் உட்கார வைக்க முடியாது.

அன்று இரவு என் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்து எழுதினேன். அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் அறையை 20 டிகிரியில் வைத்திருப்பார்கள். உலகம் முழுக்க நீள அளவைக்கு அதுதான் நிலையான வெப்பநிலை. ஆக்ஸாலிபிளாட்டின் என்ற கீமோ மருந்து ஏறிய உடம்புக்குக் குளிர் ஆகாது. அந்த மருந்தால் மரத்துப்போன விரலில், நுண்ணிய அளவெடுக்கும் மைக்ரோமீட்டரின் அழுத்தமும் பிடிபடாது. காம்பொனென்ட் நிரப்பிய ட்ரேயைத் தூக்கினால் அறுவை சிகிச்சை செய்த இடத்தில் குடலிறக்கம் வரலாம். இதையெல்லாம் விடச் சங்கடம், லைனில் மாற்று ஆள் வராமல் இடத்தை விட்டு நகரக் கூடாது என்ற விதி. குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவனால் பத்து நிமிடம் பொறுக்க முடியாது. இதை நாலு பேர் முன்னால் விளக்கிச் சொல்வதைவிடக் காகிதத்தில் எழுதுவது எளிது.

டாக்டர் அந்தத் தாளைப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிக் கொடுத்தார்: மூன்று மாதம் ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, குளிர் அறை வேண்டாம், அனுமதிக்குக் காத்திராமல் கழிப்பறை போக விட வேண்டும், பகல் ஷிஃப்ட் மட்டும். இந்தக் கடிதத்துக்கு ஹெச்.ஆரால் 'இல்லை' என்று சொல்ல முடியவில்லை. கழிப்பறைக்கு அருகில் இருந்த ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் மேஜைக்கு மாற்றினார்கள். குளிர் அறை வேலையைச் சக ஊழியர் ஒருவர் எடுத்துக்கொண்டார். பதிலுக்கு அவருடைய ரிப்போர்ட்டுகளை நான் எழுதினேன். அவருக்கு எழுத்து வேலை என்றாலே ஆகாது, அதனால் இருவருக்கும் லாபம்.

பகல் ஷிஃப்ட்டில்தான் இழுபறி. 'அவனுக்கு மட்டும் ஏன்' என்று பேச்சு வரும் என்றார்கள், வரவும் செய்தது. மூன்று மாதத்துக்கு மட்டும் ஒப்புக்கொண்டார்கள். இரவுப் படியும் ஓவர்டைமும் போனதால் கைக்கு வந்தது நன்றாகவே குறைந்தது. திரும்பிப் போகிறவர்கள் இந்தக் கணக்கை வீட்டில் முன்கூட்டியே பேசிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் மருந்துச் செலவைப் பற்றிப் பேசிய அளவுக்கு இதைப் பேசவில்லை.

இப்போது எல்லா ஷிஃப்ட்டும் பார்க்கிறேன். விரல் நுனி இன்னும் முழுதாகத் திரும்பவில்லை, அதனால் குளிர் அறைக்குள் போவதில்லை. நடுவில் ஹெச்.ஆர். மாறினார். புதியவர் வந்த சில நாளில், லைனை விட்டு நானாக எழுந்து போவதற்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுத்தார். பழைய கடிதத்தில் கம்பெனி முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிய நகல் என்னிடம் இருந்தது. அதைப் பதிலோடு இணைத்துக் கொடுத்தேன். அதற்குப் பிறகு மெமோ வரவில்லை.