கறுப்பு மொரிஸ் மைனருக்குப் பொருந்திய பொலிஷும் மெழுகும்

மாமாவின் கறுப்பு மொரிஸ் மைனரின் பொனட் ஒருவழியாகத் தேறிவிட்டது. கார்க்கொட்டிலின் குழல்விளக்கு இப்போது அதில் விளிம்பு சிதறாமல் கூராக விழுகிறது. விளக்கில் ஒட்டியிருக்கும் ஒட்டடையைக்கூடப் பொனட்டிலேயே பார்க்கலாம். முன்பு அந்த இடத்தில் கலங்கிய வெண்பட்டை ஒன்றுதான் தெரியும். இந்த மாற்றம் மெழுகால் வந்ததன்று என்பதை அழுத்திச் சொல்லவே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் யாரைக் கேட்டாலும் "நல்ல வக்ஸ் எது?" என்றுதான் தொடங்குகிறார்கள். மினுக்கம் பிறப்பது பொலிஷில். மெழுகு அதைக் காக்கிறது, கொஞ்சம் ஆழம் கூட்டுகிறது, அவ்வளவே.

இது 1956இற்குப் பின் வந்த ஒற்றை முன்கண்ணாடி மைனர் 1000. மேலே இருப்பது பழைய எனாமல். நிறத்தின்மேல் பூசும் நிறமற்ற காப்புப் படலமான கிளியர் கோட் கிடையாது. கதவின் உட்புற மடிப்பில் சிறிது பொலிஷ் வைத்து வெள்ளைத் துணியால் தேய்த்தால் துணி கறுக்கிறது. அந்தக் கறுப்பு ஒன்றே எல்லா முடிவுகளையும் எடுத்துவிடுகிறது. நிறமே மேற்பரப்பாக இருப்பதால் ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் நிறம் போகிறது. "பெயின்ட் முழுவதையும் துணியில் எடுத்துவிடாதே தம்பி" என்று மாமா பக்கத்திலேயே நின்றார். அவர் பயம் நியாயமானது. பொனட்டின் நடுமேடும் மட்காட்டின் வளைவுகளும் பெயின்ட் மெலிந்த இடங்கள்; அங்கெல்லாம் நாடா ஒட்டிய பிறகே பொலிஷ் மெசினைத் தொட்டேன். ஹார்ட்வெயார் கடையில் தகரத்தில் வரும், பெயின்டை முரடாகத் தேய்த்து வெட்டும் கட்டிங் கொம்பவுண்டை இந்தக் காருக்கு அருகிலேயே கொண்டுவரக் கூடாது.

இத்தனை காய்ந்த எனாமலை நேரே வெட்டுவதும் தவறு. முதலில் எண்ணெய் ஊட்ட வேண்டும். அதற்கு மெக்வாயர்ஸ் இலக்கம் 7 கிளேஸ். 1901இல் தளபாடப் பொலிஷில் தொடங்கிய நிறுவனம் அது. மரத்துக்கு எண்ணெய் ஊட்டிய பழக்கம் இந்தப் போத்தலிலும் தெரிகிறது. கிளியர் கோட் உள்ள புதிய காரில் இதைப் பூசினால் மேலே நின்று வழுக்கும், துடைக்கத் துடைக்கப் போகாது. இந்த எனாமலில் உள்ளே இறங்குகிறது. தடித்த டெரித் துணியில் தாராளமாக எடுத்து, கை வலிக்கத் தேய்த்து, ஈரப் படலமாகவே ஓர் இரவு விட்டேன். காலையில் சாம்பல் நிறம் போய்க் கறுப்பு திரும்பியிருந்தது. அந்த நேரத்திலேயே மாமா போதும் என்றுவிட்டார். எனக்குப் போதவில்லை, ஏனென்றால் வட்டக் கீறல்கள் அப்படியே இருந்தன.

இனித்தான் உண்மையான தொல்லை: வெயில். நம்மூர்ச் சித்திரை வெக்கையில் பொலிஷ் மெசினின் பஞ்சிலேயே காய்கிறது. மென்சேர்னா என்ற பொலிஷ் வகையில் உள்ள துகள்கள் தேய்க்கத் தேய்க்க உடைந்து நுண்மையாகின்றன. கடைசிவரை ஓட்டினால்தான் துலக்கம் வரும். பாதியில் காய்ந்துவிட்டால் உடையாத துகள் கீறிய புகைமூட்டம் மிஞ்சுகிறது, கறுப்பில் அது அப்பட்டமாகத் தெரிகிறது. மெக்வாயர்ஸ் 205 என்ற பொலிஷின் துகள்கள் அப்படி உடைவதை நம்பியிருப்பவை அல்ல. தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு, ஒரே நுண்மை. ஆகவே நேரம் குறைந்தாலும் பாதகமில்லை. குளிர்நாட்டில் இரண்டும் சமமாக இருக்கலாம், இங்கே 205தான். மென்மையான பஞ்சு, குறைந்த அழுத்தம், ஓர் அடிச் சதுரத்துக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காமை, வெயில் ஏறுமுன் வேலையை நிறுத்துதல். பஞ்சில் கறுப்பு ஏறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு சதுரத்துக்கும் பஞ்சைப் பல்தூரிகையால் உரசிச் சுத்தம் செய்யாவிட்டால் செத்த பெயின்டையே திரும்பப் பூசுகிறோம்.

கீறல் உண்மையில் போயிற்றா, எண்ணெயில் மறைந்திருக்கிறதா என்று அறிய ஒரு மூலையில் மட்டும் ஐசோபுரொப்பைல் அல்ககோலைத் தண்ணீர் கலந்து துடைத்துப் பார்த்தேன். மருந்துக்கடையில் கேட்டால் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தூக்கித் தருவார்கள். பிரித்தானிய முறைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஆமணக்கெண்ணெய் உண்டு, அது இந்தச் சோதனைக்கு உதவாது. பொனட் முழுவதையும் அல்ககோலால் துடைக்கவும் கூடாது. ஊட்டிய எண்ணெயை நாமே உருவி எடுத்துவிடுவோம்.

மெழுகுபோலக் காப்புக்குப் பூசும் சீலன்ட் இங்கே தோற்பதும் அந்த எண்ணெயால்தான். செயற்கை சீலன்ட் வெறும் பெயின்டைப் பிடித்துக்கொள்ள வேண்டியது. எண்ணெய் பூசிய சட்டியில் கோந்து ஒட்டுமா? தம்பியின் கிளியர் கோட் உள்ள வெள்ளிநிற டொயோட்டா அக்சியோவுக்கு வரிசை வேறு: 205, அல்ககோல் துடைப்பு, சீலன்ட், ஒரு நாள் இறுக விட்டு அதன்மேல் கார்னோபா மெழுகு. மைனருக்கு இலக்கம் 7, 205, மீண்டும் மெல்லிதாக 7, அதன்மேல் நேரே கார்னோபா. சீலன்டுக்கு அதில் இடமே இல்லை. கார்னோபா பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனைக் குடும்ப மரத்தின் ஓலையில் படியும் மெழுகு. ஓலையைக் காயவைத்து அடித்து உதிர்க்கிறார்கள். பனை நாட்டவனுக்கு அந்தத் தகரத்தைத் திறக்கும்போதே ஒரு சொந்தம் தோன்றுகிறது. 80 பாகை செல்சியசுக்கு மேல்தான் உருகும், தனியே எடுத்தால் கல்லாக இருக்கும். தேய்க்க முடிவதெல்லாம் அதோடு சேர்த்த கரைப்பானாலும் எண்ணெயாலும். "நூறு வீதம் கார்னோபா" என்று எழுதிய தகரத்தை விரலால் வழித்தெடுக்க முடிந்தால் அந்த எழுத்தை நம்பாதீர்கள். டவுனில் ஒரு கடை அப்படியொன்றை நல்ல விலைக்கு விற்கிறது. நான் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கி இரவு பஸ்சில் பார்சலாக எடுப்பிக்கிறேன்.

மெழுகைக் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிதாகப் பூசுங்கள். தடித்துப் பூசியதெல்லாம் துணிக்குத்தான் போகும்.

கழுவும் தண்ணீர் தனிக்கதை. சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் கறுப்புப் பெயின்டில் காய்ந்தால் வெள்ளை வளையம் நிச்சயம். தண்ணீர் கலந்த வினாகிரி புதிய வளையத்தைக் கரைக்கும். வெயிலில் ஊறியதை மறுபடி பொலிஷ்தான் எடுக்கும். ஆகவே மாரியில் பிடித்த மழைநீரை இந்தக் காருக்கென்றே ஒதுக்கிவிட்டேன். மாமி அதற்கு இன்னும் சம்மதிக்கவில்லை.

கூரையும் பின்மூடியும் பாக்கி. அதற்குள் மனம் பம்பருக்குப் போய்விட்டது: குரோமில் பூத்த துருவை அலுமினியத் தாளை நனைத்து உரசினால் எடுக்கலாம், முன்பம்பரின் ஓர் ஓரம் ஏற்கெனவே மின்னுகிறது. சோளகம் தூசியைக் கிளப்பத் தொடங்குமுன் கூரைக்கு இலக்கம் 7 பூசியாக வேண்டும். போத்தலில் கால்வாசிதான் இருக்கிறது, அடுத்த பார்சலுக்கு இன்றே சொல்லிவிட்டேன்.